உப்பில் பிறந்த தரை

வினைல் டைல்ஸ் பெட்டி எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு தாள் மடித்துக் கிடக்கும். கம்பெனி மாறும், படம் மாறும். சொல்லும் சேதி ஏறத்தாழ ஒன்றுதான். எல்லாத் தாளுக்கும் பொதுவானதை ஏழு வரியாகச் சுருக்கி என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பார்ப்பதற்குச் சூத்திரம் போலவே இருக்கிறது. படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரி இருக்கும். முட்டி போட்டு உட்கார்ந்து ஒட்டத் தொடங்கிய பிறகுதான் ஒரு சொல்லும் புரியவில்லை என்று தெரியும். சூத்திரம் அப்படி இருந்தால் அதற்கு உரை எழுதுவது நம் வழக்கம். எழுதிவிட்டேன்.

உரைகாரனைப் பற்றி ஒரு வார்த்தை. இவன் ஒரு முறை தோற்றவன். குளத்தூரில் எங்கள் பழைய வீட்டின் நடு அறையில், நல்ல கார்த்திகை மாதத்தில், மழைக்கு வெளியே போக முடியாத நாளில், சும்மா இருக்கமாட்டாமல் ஒட்டினேன். ஒரே நாளில் வேலை முடிந்தது. தை பிறந்ததும் மூலைகள் ஒவ்வொன்றாக அப்பளம் போலத் தூக்கிக்கொண்டன. ஒன்றை உரித்துப் பார்த்தேன். அடியில் வெள்ளை வெளேரென்று உப்பு பூத்திருந்தது. அந்த உப்புதான் இந்த உரைக்கு முதல் காரணம்.

மூலம்

1. தரை உலர்ந்திருக்க வேண்டும்.
2. தரை சமமாக, உறுதியாக, சுத்தமாக இருக்க வேண்டும்.
3. பெட்டியை இரண்டு நாள் அதே அறையில் வைத்திருக்க வேண்டும்.
4. அறையின் நடுவிலிருந்து தொடங்க வேண்டும்.
5. பின்தாளை உரித்து, அம்புக்குறி பார்த்து, ஒட்டி அழுத்த வேண்டும்.
6. ஓரத்தை அளந்து வெட்ட வேண்டும்.
7. சில நாள் தண்ணீர் படக் கூடாது.

நூற்பெயர் விளக்கம்

வினைல் என்றது பி.வி.சி.யை. தண்ணீர்க் குழாய், மின்வயர் உறை, இந்த டைல்ஸ் எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். இயல்பில் விறைப்பான இந்தப் பிளாஸ்டிக்கை வளையும்படி செய்யும் வழியை 1926இல் அமெரிக்காவில் பி.எஃப். குட்ரிச் கம்பெனியில் வேலை பார்த்த வால்டோ செமன் கண்டுபிடித்தார். 1933இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வினைல் தரையைக் காட்சிக்கு வைத்தார்கள். அதற்கும் முன்னால் ஆளிவிதை எண்ணெயில் செய்த லினோலியம் இருந்தது. அது வேறு குலம்.

பி.வி.சி.யின் எடையில் நூற்றுக்கு 57 பங்கு குளோரின். குளோரின் எங்கிருந்து வருகிறது? சோற்று உப்பிலிருந்து. உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் ஒரு பக்கம் குளோரின், மறுபக்கம் காஸ்டிக் சோடா. இதைத் தெரிந்துகொள்ள நாங்கள் சிகாகோ போக வேண்டியதில்லை. எங்கள் தூத்துக்குடி மாவட்டத்திலேயே, திருச்செந்தூர் போகும் வழியில், சாகுபுரத்து டி.சி.டபிள்யூ. ஆலையில் உப்பிலிருந்து காஸ்டிக் சோடா தயாரிக்கிறார்கள்; பி.வி.சி.யும் அங்கே தயாராகிறது. வேப்பலோடைப் பக்கம் பாத்தி பாத்தியாக விளையும் உப்பைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் போகிற எங்களுக்கு, காலடியில் ஒட்டுகிற டைல்ஸின் பி.வி.சி.யில் பாதிக்கு மேல் உப்புச் சரக்கு என்பது ஒரு வேடிக்கை. உப்பில் பிறந்த அதைத் தரையிலிருந்து கிளப்புவதும் உப்பேதான். இனி மூலத்துக்குள் போவோம்.

1. தரை உலர்ந்திருக்க வேண்டும்

இங்கே ‘உலர்ந்து’ என்றது மேலே காய்ந்திருப்பதை அன்று. சிமெண்டுத் தரை மேலே காய்ந்தே இருக்கும். கையை வைத்துப் பார்த்தால் சுடக்கூடச் செய்யும். மூலம் கேட்பது உள்ளே ஓதம் இருக்கிறதா என்பதை.

ஓதம் எப்படி ஏறும்? விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலத்தான். சிமெண்டுக் காரையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அடிமண்ணின் ஈரம் அதன் வழியே மேலே வந்து, காற்றில் கலந்து போய்விடும். தரை திறந்திருக்கும்வரை இது நடப்பதே நமக்குத் தெரியாது. அதன் மேல் வினைலை ஒட்டினால் வாயைப் பொத்திய மாதிரி. வந்த ஈரம் போக இடமில்லாமல் பசைக்குக் கீழே தங்கும். சிமெண்டின் காரத்தைக் கரைத்துக்கொண்டு வந்த அந்த ஈரத்தில் பசை இளகிக் கூழாகும். பிறகு மூலை தூக்கும்.

கரிசலில் இந்தச் சங்கதி இரண்டு மடங்கு. செவல் மண்ணில் பெய்த மழை வடிந்துவிடும். கரிசல் குடித்த தண்ணீரை எளிதில் விடாது. ஐப்பசி, கார்த்திகையில் குடித்ததை வைத்துக்கொண்டுதான் மானாவாரிப் பருத்தியும் உளுந்தும் மிளகாயும் மழை நின்ற பின்னாலும் விளைகின்றன. காட்டுக்கு அது வரம். வீட்டுத் தரைக்கு அதுவே ஓதம். போதாக்குறைக்கு எங்கள் பக்கத்துக் கிணறு பலவும் உவர். அந்தத் தண்ணீரில் குழைத்த காரையில், கட்டின நாளிலேயே உப்பும் சேர்ந்துவிடுகிறது. ஈரம் ஏறும்போது உப்பையும் தூக்கிக்கொண்டு வரும். ஈரம் போனபின் உப்பு மட்டும் நின்று பூக்கும். சுவரின் அடியில் காரை பொரிந்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அதே கைதான் தரையிலும் வேலை செய்கிறது.

சோதிப்பது எப்படி எனின்: கெட்டியான பிளாஸ்டிக் தாளை ஒன்றரை அடிச் சதுரமாக வெட்டித் தரையில் விரித்து, நாலு பக்கமும் இடைவெளி இல்லாமல் டேப் ஒட்ட வேண்டும். வெயில் நேரே படாத இடமாகப் பார்த்து, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவிட வேண்டும். மாலையில் ஒட்டி மறுநாள் மதியம் எடுத்தால் கணக்குச் சரி. தாளின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தாலோ, தரை கறுத்திருந்தாலோ ஓதம் உண்டு. ஒரே இடத்தில் பார்த்து நிறைவடையக் கூடாது. குளியலறையை ஒட்டிய மூலை, புறவாசல் பக்கம், அறையின் நடு என்று மூன்று இடமாவது வேண்டும்.

எந்த மாதம் சோதிப்பது என்று எந்தத் தாளும் சொல்லாது. உரைகாரன் சொல்கிறான்: சித்திரையில் சோதிக்காதீர்கள். சித்திரையில் எங்கள் ஊரில் எல்லாத் தரையும் தேறிவிடும். மழை ஓய்ந்த மார்கழியில் சோதியுங்கள். மார்கழியில் தேறிய தரை எப்போதும் தேறும். புதிதாகப் பூசிய தரையானால் 28 நாள் கணக்கை வைத்து அவசரப்பட வேண்டாம். அது காரை இறுகுவதற்கான கணக்கு. ஈரம் போக அதற்கு மேலும் மாதங்கள் ஆகலாம்.

தேறாத தரைக்கு என்ன செய்வது? ஒட்டாமல் விடுவதுதான் செய்ய வேண்டியது. ஓதத்துக்கு மருந்து டைல்ஸ் கடையில் இல்லை. வீட்டைச் சுற்றி மழைத்தண்ணீர் தேங்காமல் வாட்டம் எடுப்பதிலும், ஒழுகும் குழாயை அடைப்பதிலும், முடிந்தால் தரையைத் தோண்டி அடியில் ஈரத்தடுப்பு விரித்து மறுபடி போடுவதிலும் இருக்கிறது. அதற்கு வசதி இல்லாவிட்டால் காவித்தரை காவித்தரையாகவே இருக்கட்டும். அது மூச்சு விடும் தரை. வினைல் மூச்சு விடாது.

2. தரை சமமாக, உறுதியாக, சுத்தமாக இருக்க வேண்டும்

மூன்று சொல், மூன்றுக்கும் தனித்தனியே பொருள் உண்டு.

சமம்: மேடு பள்ளம் இல்லாமை. வாட்டம் வேறு, சமம் வேறு. தரை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் வினைலுக்குக் கவலையில்லை. நடுவில் வயிறு போட்டிருந்தால்தான் கவலை. பத்தடி நீளத்துக்கு 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக் கூடாது என்பது பொதுக் கணக்கு. கொத்தனார் வைத்திருக்கும் மட்டக்கோலைக் கடன் வாங்கித் தரையில் படுக்கவைத்து, மறுபக்கம் டார்ச் அடித்தால் போதும். கோலுக்கு அடியில் வெளிச்சம் கசியும் இடமெல்லாம் பள்ளம். பீங்கான் டைல்ஸ் என்றால் அடியில் போடும் கலவை பள்ளத்தை நிரப்பிக்கொள்ளும். ஒட்டு வினைலின் கனமே ஒன்றரை, இரண்டு மில்லிமீட்டர். அடியில் ஒரு மணல் இருந்தாலும் மேலே மணலாகவே தெரியும். புதுத் துணி போட்டாலும் கூனல் மறையாது என்பது இதற்கும் பொருந்தும்.

பள்ளத்தைச் சுவர்ப் பட்டியை வைத்து நிரப்பிவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். சுவருக்கு உள்ள பட்டி காலடிப் பாரம் தாங்காது. மாவாகப் பொடிந்து, பசையும் மாவோடு வந்துவிடும். தரைக்கென்று விற்கும், பாலிமர் கலந்த சிமெண்டுக் கலவைதான் சரி.

உறுதி: இதுதான் கரிசல்காரன் நின்று படிக்க வேண்டிய சொல். தாளை எழுதியவர் மனதில் இருந்தது பொக்கை இல்லாத தரை. ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே போனால் ‘டிங்’ என்ற ஓசை ஓரிடத்தில் ‘டப்’ என்று மாறும். அங்கே காரை அடியை விட்டுக் கிளம்பியிருக்கிறது, வெட்டி எடுத்துப் பூச வேண்டும். அவ்வளவுதான் அவர் சொல்ல வந்தது. அசையாத மண்ணில் வாழ்கிறவருக்கு அது போதும்.

எங்கள் மண் அசையும். ஈரம் பட்டால் பருத்து, காய்ந்தால் சுருங்குகிற களிமண் கரிசலில் நிறைய. மோன்ட்மோரிலோனைட் என்பது அந்தக் களியின் பெயர். பங்குனிக்கு மேல் காட்டில் கை நுழைகிற அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். முதல் மழைக்கு அந்த வெடிப்பெல்லாம் வாயை மூடிக்கொள்ளும். காட்டில் நடப்பது வீட்டுக்கு அடியிலும் நடக்கிறது. அதனால்தான் பழைய கொத்தனார்கள் கரிசலைத் தாண்டிச் சுக்கான் பாறை தட்டும்வரை வானம் தோண்டுவார்கள். தரைக்கு அடியில் தோண்டிய கரிசலையே திரும்பக் கொட்டாமல் சரளும் மணலும் அடிப்பார்கள். நாடு முழுக்கக் கரிசல் பகுதிகளுக்கு இந்தத் தொல்லை உண்டு. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம், மண்ணுக்குள் அடியில் குமிழ் போல விரிந்து நங்கூரமாக நிற்கும் ஒருவகைக் கான்கிரீட் தூணை இப்படிப்பட்ட மண்ணுக்காகவே வளர்த்தெடுத்தது.

ஆகவே தரையில் ஒரு விரிசல் இருந்தால், அது செத்த விரிசலா, உயிருள்ள விரிசலா என்று கண்டாக வேண்டும். எனக்கு இதைச் சொல்லித் தந்தவர் பக்கத்துத் தெருக் கொத்தனார். “அண்ணாச்சி, சிமெண்டைக் குழைச்சு அடைச்சிரட்டுமா?” என்று கேட்டேன். “அடைக்கிறது இருக்கட்டும் தம்பி. மொதல்ல அது ஓடுதா நிக்கிதான்னு பாரு” என்றார். பென்சிலால் விரிசலின் இரண்டு முனையிலும் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதச் சொன்னார். சித்திரையில் எழுதினேன். ஆடியில் பார்த்தபோது விரிசல் கோட்டைத் தாண்டி ஓர் அங்குலம் போயிருந்தது. அங்கே இன்னொரு கோடு, இன்னொரு தேதி. கார்த்திகையில் வாய் குறுகியது, நீளவில்லை. அடுத்த ஆடியிலும் கோட்டுக்குள்ளேயே நின்றது. அதன் பிறகுதான் அடைத்தேன்.

உயிருள்ள விரிசலின் மேல் வினைலை ஒட்டினால், ஒட்டு நன்றாகப் பிடித்த இடத்தில் டைல்ஸ் விரிசலோடு சேர்ந்து இழுபடும். பிடிக்காத இடத்தில் முகடு தட்டும். இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி அச்சான தாளுக்கு இந்தக் கவலை இல்லை. ‘உறுதி’ என்ற ஒரே சொல் எங்களுக்கு ஒரு வருஷத்துக்கு மேல் வேலை வைத்துவிட்டது.

சுத்தம்: கூட்டிப் பெருக்குவது மட்டும் சுத்தம் அன்று. காவித்தரைக்கு ஆண்டுக்கணக்கில் தேங்காய் எண்ணெயும் மெழுகும் தேய்த்து வளர்த்திருப்போம். அந்த மினுமினுப்புப் பசைக்கு எதிரி. மறுபுறம், பூச்சு நலிந்த சிமெண்டுத் தரை எத்தனை முறை துடைத்தாலும் பொடி விடும். அதுவும் எதிரி. இரண்டுக்கும் ஒரே சோதனை. பார்சல் ஒட்டும் டேப்பை ஒரு சாண் வெட்டித் தரையில் அழுத்தி ஒட்டி, வெடுக்கென்று இழுங்கள். டேப்பின் முதுகில் பொடி வந்தாலும் சரி, டேப் ஒட்டவே மறுத்தாலும் சரி, தரை தயாரில்லை. சோப்புத் தண்ணீரில் எண்ணெய் போகத் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பிரைமர் ஒரு கை அடிக்க வேண்டும். பின்தாள் உரித்து ஒட்டும் வகைக்குச் சிமெண்டுத் தரையில் பிரைமர் இல்லாமல் ஆயுள் இல்லை. சாணி மெழுகிய மண்தரைக்கு இந்த நூல் முழுவதுமே பொருந்தாது.

வெளிநாட்டில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டனிலோ டொரண்டோவிலோ 1980களுக்கு முந்திய வீடு என்றால், அடியில் கிடக்கும் பழைய டைல்ஸைச் சுரண்டவோ தேய்க்கவோ வேண்டாம். அந்தக் காலத்து வினைல் டைல்ஸ் பலவற்றில், ஒட்டிய கறுப்புப் பசையிலும்கூட, ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. பரிசோதனைக்குக் கொடுத்துப் பார்த்த பிறகு கை வையுங்கள்.

3. பெட்டியை இரண்டு நாள் அதே அறையில் வைத்திருக்க வேண்டும்

பெண் எடுத்த ஊருக்கு மாப்பிள்ளை பழகுவது போல என்று வைத்துக்கொள்ளலாம். வினைல் சூட்டில் விரியும், குளிரில் சுருங்கும். கோவில்பட்டியில் தகரக் கொட்டகைக் கிட்டங்கியில் கிடந்து, லோடு ஆட்டோவில் வெயில் காய்ந்து வந்த பெட்டி அன்றைக்கு அறையைவிடச் சூடாக இருக்கும். அந்தச் சூட்டிலேயே ஒட்டினால், ராத்திரி சுருங்கி இடைவெளி விடும். 48 மணி நேரம் அறையில் படுக்கவைத்தால் அறையின் வெப்பத்துக்கு வந்துவிடும். நிறுத்திவைக்கக் கூடாது, வளைந்துபோகும்.

இதே காரணத்தால்தான் அக்கினி நட்சத்திரத்தில் ஒட்டக் கூடாது என்கிறேன். அப்போது ஒட்டிய டைல்ஸ் முழுவதும் விரிந்த நிலையில் இருக்கும்; மார்கழியில் ஒவ்வொரு இணைப்பிலும் நகக்கண் நுழையும். மழைமாதம் ஓதம், கோடை விரிவு, ஆடி தூசி. மீதி இருப்பது மாசியும் பங்குனியின் முதல் பாதியும்.

சும்மா கிடக்கும் அந்த இரண்டு நாளில், எல்லாப் பெட்டியிலும் அச்சிட்ட தயாரிப்பு எண் ஒன்றுதானா என்று பாருங்கள். எண் மாறினால் நிறமும் ஒரு நூல் மாறும்.

4. அறையின் நடுவிலிருந்து தொடங்க வேண்டும்

ஏன் நடு? சுவரிலிருந்து தொடங்கினால் நேராகப் போய்விடலாமே? போகலாம், சுவர் நேராக இருந்தால். பழைய வீட்டில் எந்தச் சுவரும் எதிர்ச் சுவருக்கு இணையாக இராது. ஒரு பக்கச் சுவரை நம்பிப் புறப்பட்டால், அதன் கோணல் மறுபக்கம் போய்ச் சேரும்போது வட்டியோடு சேர்ந்திருக்கும்.

நான் நூலும் கையுமாக நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னதுதான் நல்ல உரை. “கோலத்த ஓரத்துல இருந்தா போடுவாக? நடுப்புள்ளிய வச்சிட்டுத்தான ரெண்டு பக்கமும் எறங்கணும்.” பதினைந்து புள்ளி நடுவரிசையை வைத்துவிட்டு இரு புறமும் ஒன்று ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போகிற கையிடம் தாள் கற்றுக்கொள்ள வேண்டும்.

செய்முறை: எதிரெதிர்ச் சுவர்களின் நடுவைக் குறித்து, காவிப்பொடியில் தோய்த்த நூலை இழுத்துக்கட்டிச் சுண்டினால் கோடு விழும். இதைப் போலவே குறுக்குக் கோடு. இரண்டும் செங்கோணமா என்று பார்க்க எந்தக் கொத்தனாரும் வாய்ப்பாடாகச் சொல்லும் மூன்று, நாலு, ஐந்து போதும். ஒரு கோட்டில் 3 அடி, மறுகோட்டில் 4 அடி குறித்தால் இடையிலான சாய்தூரம் சரியாக 5 அடி வர வேண்டும்.

பிறகு பின்தாள் உரிக்காமல் சும்மா அடுக்கிப் பார்க்க வேண்டும். இங்கே ஒரு கணக்கு. அறை அகலம் 10 அடி 3 அங்குலம், அதாவது 123 அங்குலம். டைல்ஸ் 12 அங்குலச் சதுரம் என்று கொள்வோம். நடுக்கோட்டில் இணைப்பு விழும்படி தொடங்கினால் இரு பக்கமும் ஐந்து ஐந்து முழு டைல்ஸ், சுவரோரம் ஒன்றரை அங்குலக் கீற்று. அந்தக் கீற்றுக்குப் பசைப் பரப்பும் போதாது, அழகும் இல்லை. அதற்குப் பதில் நடுக்கோடு ஒரு டைல்ஸின் வயிற்றில் ஓடும்படி அரை டைல்ஸ் தள்ளித் தொடங்குங்கள். ஒன்பது முழு டைல்ஸ், இரு ஓரமும் ஏழரை அங்குலம். ஓரம் அரை டைல்ஸுக்குக் குறையாமல் இருப்பதே இலக்கணம்.

எத்தனை வாங்குவது? 10 அடிக்கு 12 அடி அறை என்றால் 120 சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்குப் பத்துக்கு ஒன்று கூட்டி 132.

5. பின்தாளை உரித்து, அம்புக்குறி பார்த்து, ஒட்டி அழுத்த வேண்டும்

அம்புக்குறி டைல்ஸின் முதுகில் இருக்கும். எல்லா அம்பும் ஒரே திசை பார்த்தால் மேலே உள்ள மரக்கோடு தொடர்ச்சியாக ஓடும். அம்பைப் பார்க்காமல் ஒட்டிய தரை பகலில் தெரியாது. சாயங்கால வெளிச்சம் சாய்வாக விழும்போது சதுரம் சதுரமாகக் காட்டிக்கொடுக்கும்.

‘ஒட்டி’ என்றதில் ஒரு முறை உண்டு. நாலு மூலையையும் ஒருசேர வைக்கக் கூடாது. ஒரு விளிம்பைக் கோட்டோடு அணைத்துப் பிடித்து, மெல்ல மெல்லப் படியவிட வேண்டும். வைத்தபின் நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் பசை வரப்பு கட்டி இணைப்பில் பிதுங்கும். கோணலாகப் போனால் உடனே உரித்து மறுபடி வைக்கலாம், ஒரே ஒரு முறை. பலகை போல நீளமான வகையானால் அடுத்தடுத்த வரிசையின் இணைப்புகள் ஒரே நேரில் வராமல் ஒரு சாணாவது விலக வேண்டும். செங்கல் கட்டுவது போல.

உரித்த பின்தாள் வழுக்கும். காலடியில் கிடந்தால் ஆளைச் சாய்க்கும். ஒரு சாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உரிக்க உரிக்கத் திணியுங்கள். சன்னல் சாத்தியிருக்கட்டும், மின்விசிறி நிற்கட்டும். கயத்தாறு காற்றாலைகளைச் சுற்றவைக்கிற காற்று சும்மா வராது. கரிசல் புழுதியைச் சுமந்துகொண்டுதான் வரும். பசையில் ஒரு கை புழுதி விழுந்தால் அந்த டைல்ஸுக்கு அன்றோடு கதை முடிந்தது.

‘அழுத்த’ என்பதை ஏனோ எல்லாரும் உள்ளங்கையால் தட்டிக்கொடுப்பது என்று எடுத்துக்கொள்கிறோம். இந்தப் பசை அழுத்தத்தால்தான் பிடிக்கும். தொழில்முறையில் 45 கிலோ உருளையை இழுக்கிறார்கள். எங்கள் வீட்டில் அம்மிக்குழவி இருந்தது. பழைய துண்டைச் சுற்றி, முட்டி போட்டு, நடுவிலிருந்து ஓரத்துக்கு உருட்டினேன். மசாலா அரைத்த காலம் போய் மூலையில் கிடந்த கல்லுக்கு ஒரு வேலை கிடைத்தது. குழவி இல்லாத வீட்டில் பூரிக்கட்டையின் மேல் உடம்புப் பாரத்தைப் போடலாம்.

6. ஓரத்தை அளந்து வெட்ட வேண்டும்

இந்த வரியில் ‘அளந்து’ என்ற சொல்லை எடுத்துவிடலாம். அளவுநாடா இல்லாமலே வெட்டுவதுதான் சரியான வெட்டு. கடைசி முழு டைல்ஸின் மேல், ஓரத்துக்கு வெட்ட வேண்டிய டைல்ஸை இம்மி பிசகாமல் வையுங்கள். மூன்றாவது ஒன்றை எடுத்துச் சுவரோடு முட்டி அதன் மேல் வையுங்கள். மூன்றாவதன் விளிம்பை ஒட்டி இரண்டாவதில் கோடு போடுங்கள். மூடப்படாமல் வெளியே தெரிந்த துண்டு அந்த இடைவெளிக்குக் கச்சிதமாக உட்காரும். சுவர் கோணலானால் துண்டும் அதே கோணலில் வரும்.

கட்டர் பிளேடால் மேல்பக்கம் அழுத்தி இரண்டு இழுப்பு, பிறகு மடக்கினால் முறியும். நிலைக்கால் போன்ற வளைவு நெளிவுகளுக்குப் பழைய காலண்டர் அட்டையில் மாதிரி வெட்டிக்கொண்டு, அதை வைத்து வரைய வேண்டும். டைல்ஸ் விறைத்தால் சூடு காட்டு என்று தாள் சொல்லும். எங்கள் ஊரில் முற்றத்தில் இரண்டு நிமிஷம் வைத்தால் போதும்.

வெட்டிய துண்டுகளைக் குப்பையோடு கொளுத்தாதீர்கள். முன்பு சொன்ன குளோரின் அதில் இருக்கிறது. எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும். கண்ணும் தொண்டையும் எரியும். இன்னும் கெட்ட நஞ்சுகளும் அதில் உண்டு.

7. சில நாள் தண்ணீர் படக் கூடாது

பசை முழுக்க இறுக நாலைந்து நாள் ஆகும். அதுவரை துடைக்க வேண்டாம் என்பது நேர்ப்பொருள். உரைகாரன் பார்வையில் இந்த வரி சில நாளோடு முடிவதில்லை. பொங்கலுக்கு வாளி வாளியாக ஊற்றிக் கழுவித் தள்ளுகிற கை நம்முடையது. வினைல் தண்ணீருக்கு அஞ்சாது, இணைப்பு அஞ்சும். இனிப் பிழிந்த துணியால் துடைப்பதோடு சரி. மண்ணெண்ணெய் தொட்டுத் துடைக்கும் பழக்கமும் ஆசிட் ஊற்றும் பழக்கமும் வாசலோடு நிற்க வேண்டும். ரப்பர் அடி வைத்த மிதியடி மாதக்கணக்கில் கிடந்தால் மஞ்சள் கறை ஊறிவிடும். எந்தச் சோப்புக்கும் போகாது. கட்டில் காலுக்குத் துணிப்பட்டை வேண்டும்.

அடுப்படிக்கு இதை ஒட்ட வேண்டாம் என்பது என் கட்சி. கொதிக்கும் குழம்புச் சட்டியைப் பிரிமணைகூட இல்லாமல் தரையில் இறக்குகிற வீடு எங்களுடையது. 80 டிகிரியை ஒட்டிய சூட்டிலேயே பி.வி.சி. இளகத் தொடங்கும். சட்டியின் வட்டம் நிரந்தரமாகப் பதியும்.

புறனடை

மூலத்தில் இல்லாததைச் சேர்க்கும் உரிமை உரைகாரனுக்கு உண்டு. எட்டாவது வரி: மிச்சமான டைல்ஸில் நாலையாவது எடுத்து வைக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்து, முதுகில் ஒட்டிய மாதமும் தயாரிப்பு எண்ணும் எழுதிவையுங்கள். நாளைக்கு ஒன்று கிழிந்தால் அதே நிறம் கடையில் இராது.

இரண்டாம் முறை மாசியில் ஒட்டினேன். வாசற்படிக்கு உள்ளே ஒரு முழ அகலம் மட்டும் பழைய காவித்தரையை அப்படியே விட்டேன். அம்மாவுக்கு மாக்கோலம் போட இடம் வேண்டும். வழுவழு வினைலில் மாவு பிடிக்காது. அது வேறொன்றுக்கும் பயன்படுகிறது. கார்த்திகையில் அந்தப் பட்டையில் உப்பு பூக்கிறதா என்று பார்த்தால், மூடிய தரைக்கு அடியில் என்ன நடக்கிறது என்று ஊகிக்கலாம். இரண்டு மழை பார்த்துவிட்டேன். இதுவரை பூக்கவில்லை.

விரிசலின் மேல் ஒட்டுவதற்கு முன் பென்சில் தேதிகளை அழிக்கலாமா என்று கொத்தனாரிடம் கேட்டேன். “எதுக்குப்பா அழிக்க? கெடக்கட்டும். பின்னால உரிக்கிறவன் படிச்சுக்கிடுவான்” என்றார். தூசியை மட்டும் துடைத்துவிட்டு, பிரைமரை மெல்லிசாக அடித்து, அதற்கு மேல் ஒட்டினேன். சித்திரையும் ஆடியும் கார்த்திகையுமாக அந்த எழுத்து இப்போது அடியில் இருக்கிறது.